தோபியாஸ் சாப்பிட்டுவிட்டார்

இறந்தவர்கள் நடுராத்திரியில்தான் வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது, டீச்சர். இதைவிடத் தவறான கருத்து ஒன்று நம் நாட்டில் புழக்கத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் விசாரித்த வரையில், அதாவது முறையாக, ஆதாரத்தோடு விசாரித்த வரையில், அவர்கள் பகல் ஒரு மணிக்கு வருகிறார்கள். சாப்பாட்டு வேளை. நள்ளிரவு, சலங்கை, மல்லிகைப்பூ வாசனை எல்லாம் தூக்கம் வராதவர்கள் கட்டிவிட்ட கதை.

சிரிக்காதீர்கள். நீங்கள் டப்பாவைத் திறந்துகொண்டே "சாப்பிடலையா தம்பி?" என்று கேட்டீர்கள். அந்த நேரத்தில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தேன். மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் சாப்பிடுங்கள், நான் சொல்கிறேன். ரயில் மதுரை தாண்டிவிட்டது, திண்டுக்கல் வருவதற்குள் முடித்துவிடலாம்.

என் வேலை நெட்வொர்க் என்ஜினியர். கம்ப்யூட்டர் வேலையா என்றால், இல்லை. கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் இருக்கிற வேலை. ஒன்று இன்னொன்றோடு பேசவேண்டுமென்றால் நடுவில் கேபிள் வேண்டும், கேபிள்கள் வந்து சேர ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. இதை என் மாமனாருக்குக் கல்யாணமான நாளிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் எனக்குத்தான் போன் போடுகிறார்.

இந்தத் துறையில் ஒரு பெரிய தேர்வு உண்டு. நாள் முழுக்க ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு நெட்வொர்க்கைக் கட்டச் சொல்வார்கள். கட்டி முடித்த பிறகு அவர்களே அங்கங்கே உடைத்துவிட்டு, எங்கே உடைந்திருக்கிறது கண்டுபிடி என்பார்கள். பெரும்பாலானவர்கள் முதல் தடவையில் தேறுவதில்லை. நானும் தேறவில்லை. தேறினால் ஓர் எண் தருவார்கள். பட்டம் இல்லை, எண். உலகத்தில் அது எனக்கு மட்டும்தான்.

அதற்காக நான் படித்த படிப்பு இருக்கிறதே! என் மனைவி வடிவு தினமும் சமையல் முடித்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து அட்டை அட்டையாகக் கேள்வி கேட்பாள். அவளுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நான் தப்பாகச் சொன்னால் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து, "அப்படிப் போடலியே" என்பாள். எனக்குக் கோபம் வரும். விஷயம் தெரியாதவர்கள் திருத்தினால் யாருக்கும் வரும். கடைசியில் தேறிவிட்டேன் என்று தெரிந்ததும் கூடப் படித்தவர்கள் குழுவில் போட்டேன், பழைய கம்பெனிக்காரர்களுக்கு அனுப்பினேன், என் எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே சேர்த்தேன். வடிவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்திருக்கிறது. வீட்டிலேயே இருக்கிறவளுக்குத் தனியாக என்ன அறிவிப்பது?

எண் கிடைத்தால் வாழ்க்கை மாறும் என்பார்கள். மாறியது. தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டு. அவர்களுக்குப் பெரிய ஒப்பந்தம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு, என்னைப் போல் எண் வைத்திருப்பவர் ஒருவர் வேலையில் இருக்கவேண்டும் என்று விதி. ஆகவே என்னை எடுத்தார்கள். என்னை என்றால் எண்ணை. முதல் நாளே அங்கே கம்ப்யூட்டர் பிரிவின் மேனேஜர் இசக்கிராஜ் எனக்கு ஏசிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"சார், இதான் உங்க எடம். காப்பி பதினோரு மணிக்கு வரும்."

"நான் என்ன வேலை பார்க்கவேண்டும்?"

"வேலையா?" அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "சார், நீங்க ஒண்ணையும் தொட்ராதீங்க. எல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. நீங்க இருந்தாப் போதும்."

அப்படி ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தேன். வடிவு தென்காசியில். நான் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு மாடி அறையில். காலையில் வந்து உட்காருவேன், மாலையில் எழுந்து போவேன். டீச்சர், சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அதுவும் எல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருப்பது.

பொறுக்கமுடியாமல் ஒரே ஒரு காரியம் செய்தேன். ஸ்விட்சுகளுக்குள் யார் எப்போது நுழைகிறார்கள் என்று பதிவாகும் வசதி ஒன்று உண்டு. அதை யாரும் போட்டிருக்கவில்லை. நான் போட்டேன். அது தொட்டதாக ஆகாது, பார்ப்பதுதான். மறுநாள் பதிவைத் திறந்தால் ஒரே ஒரு பெயர். தோபியாஸ். சரியாகப் பகல் ஒரு மணிக்கு யார்டில் இருக்கிற அத்தனை ஸ்விட்சிலும் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, ஒன்றையும் மாற்றாமல் வெளியே போயிருக்கிறார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

இசக்கிராஜிடம் கேட்டேன். "தோபியாஸ் என்பவர் எந்த ஷிஃப்ட்?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். "யாரு சார் சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. தினமும் ஒரு மணிக்கு வேலைக்கு வருகிறார்."

"அண்ணன் தவறி ரெண்டு வருஷம் ஆகப்போகுது சார். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவருதான். இந்த யார்டுல ஒவ்வொரு வயரும் அவர் இழுத்தது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதான் சார், ஒரு மணிக்கு நாங்க யாரும் சர்வர் ரூமுக்குள்ள போறதில்ல. எல்லா லைட்டும் ஒண்ணாத் துடிக்கும். நானே கண்ணால பாத்திருக்கேன். நீங்க நம்பமாட்டீங்க, படிச்சவரு."

"நம்புவதற்கு இதில் ஒன்றும் இல்லை. எழுத்தில் பதிவாகியிருக்கிறது" என்றேன்.

அவர் சட்டைக்குள் கையை விட்டுக் கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு மணிக்கு நான் உள்ளே போனேன். தனியாகத்தான். ஏசிச் சத்தம், குளிர், இருட்டு. சர்வர் ரூம்களில் பகலும் இருட்டாகத்தான் இருக்கும். நேரம் வந்ததும் ஸ்விட்சுகளை அடுக்கிவைத்த ரேக் முழுக்கப் பச்சை விளக்குகள் மேலிருந்து கீழே ஒரு சிலிர்ப்பு மாதிரி துடித்தன. யாரோ வரிசையாகத் தொட்டுக்கொண்டே நடந்துபோனது போல. பயந்தேனா என்று கேட்டால், இல்லை. குளிர்ந்தது. ஏசி.

அடித்தட்டில் தூசிக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு ஒட்டி ஒரு சின்ன மோடம், உள்ளே ஒரு சிம். மோடம் என்றால், டீச்சர், வாயும் காதும் இல்லாத செல்போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பும். பேசாது, கேட்காது.

கம்ப்யூட்டருக்குள் தோபியாஸ் எழுதிவைத்த ஒரு புரோகிராம் இருந்தது. ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு அது அவர் பெயரில் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போய், இருக்கிறாயா என்று கேட்கும். எங்கள் துறையில் எல்லாமே கடைசியில் இந்த ஒரு கேள்விதான். இருக்கிறாயா? இருக்கிறேன். எல்லா ஸ்விட்சும் இருக்கிறேன் என்றால் மோடம் வழியாக ஓர் எண்ணுக்கு ஒரு செய்தி போகும். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் வேறொரு செய்தி போகும். சரி, மேனேஜருக்கு எச்சரிக்கை போலிருக்கிறது என்று நினைத்து அந்தச் செய்திகளைப் படித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். முதலாவது, "சாப்டாச்சு." இரண்டாவது, "லேட் ஆகும்."

அவ்வளவுதான். அந்த எண் அவருடைய மனைவியுடையது. பெயரையும் போட்டுவைத்திருந்தார், சலேத்மேரி என்று.

நான் அந்தக் குளிரில் நின்று சத்தமாகச் சிரித்தேன். மனிதர் தன் மனைவிக்குப் பதில் சொல்லும் வேலையை மெஷினிடம் கொடுத்திருக்கிறார்! எல்லாம் நன்றாக இருந்தால் சாப்பிட நேரம் கிடைத்திருக்கும், ஏதாவது கெட்டிருந்தால் வீட்டுக்குப் போக நேரமாகும். எவ்வளவு சரியான தர்க்கம். புரோகிராமில் சில அழகுக் குறைகள் இருந்தன, அவை இப்போது வேண்டாம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. நிறுத்த யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பகலும் அந்த அம்மாவுக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. சாப்டாச்சு. சாப்டாச்சு.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இன்னொன்று வந்தது. யாராவது மோடத்தைக் கூப்பிட்டால் அதற்கு எடுக்கத் தெரியாது. 'ரிங்' என்று ஒரு வரி எழுதும். மணி அடிக்க அடிக்க வரி வரியாக எழுதும். ரிங். ரிங். ரிங். ஏழெட்டு வரி வந்து நின்றது. கூப்பிட்ட எண் சலேத்மேரியுடையது.

பழைய பதிவுகளைப் பார்த்தேன். தினமும் செய்தி போன கொஞ்ச நேரத்தில் ரிங். தினமும்.

இறந்தவர் பெயரில் உள்ள கணக்கை அழிக்கவேண்டும் என்பது விதி. எந்த ஆடிட்டரும் முதலில் அதைத்தான் கேட்பார். நான் அழிக்கவில்லை. ஒன்றையும் தொடக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார் அல்லவா? அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேட்டில் ஒரு ஸ்விட்ச், மழை பெய்தால் தண்ணீர் இறங்கி நின்றுவிடும். முன்பெல்லாம் இசக்கிராஜ் ஆட்கள் சாயங்காலமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. பன்னிரண்டு மணிக்கே குடை பிடித்துக்கொண்டு கிளம்பி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவருவேன். ஒன்று செத்திருந்தாலும் ஒரு மணிக்குள் எழுப்பிவிடுவேன். இல்லாவிட்டால் 'லேட் ஆகும்' போய்விடும். இல்லாத மனிதர் வர நேரமாகும் என்று ஒரு வீட்டில் யாராவது விளக்கை அணைக்காமல் இருந்தால்? இது உணர்ச்சி வசப்பட்ட விஷயம் இல்லை. தவறான தகவல் போகக்கூடாது, அவ்வளவுதான்.

"என்ன சார், நனைஞ்சிட்டு அலையுதீங்க? ஆள் அனுப்ப மாட்டனா?" என்பார் இசக்கிராஜ்.

"தோபியாஸ் இருந்தால் அனுப்புவாரா?"

"அவர் அனுப்ப மாட்டாரு. அவரே போவாரு."

"அப்புறம் என்ன?"

"சரிதான். அப்ப அவரையும் அட்டெண்டன்ஸ்ல சேத்துரட்டுமா? உங்களுக்குத் துணைக்கு?" என்று சிரித்தார். ஆனால் கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் வடிவு கூப்பிடுவாள். அவளுக்கும் வேறு நேரம் கிடையாது, சரியாக ஒரு மணி. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சட்டைப்பையில் அதிரும். ஒரு நாள் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

"ஒரு மணிக்குக் கூப்பிடாதே. முக்கியமான வேலை இருக்கிறது."

"சாப்ட்டீங்களான்னு கேக்கத்தான்."

"அதை மூன்று மணிக்குக் கேள்."

"மூணு மணிக்கு எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

பாருங்கள், இப்படித்தான். கேள்விக்குக் கேள்வி. அட்டை வைத்துப் பழகிய தோஷம்.

கார்த்திகையில் ஒரு நாள் கிரேன்காரன் ஒருவன் கவனிக்காமல் நடுமுற்றத்தில் ஓடுகிற கண்ணாடி இழைக் கேபிளை அறுத்துவிட்டான். பாதி யார்டு போய்விட்டது. எவ்வளவு ஓடியும் ஒரு மணிக்குள் ஒட்டமுடியவில்லை. ஒட்டுகிற மெஷின் மதுரையிலிருந்து வரவேண்டும். நான் சர்வர் ரூமில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மோடம் அனுப்பிவிட்டது. லேட் ஆகும்.

பிறகு ரிங். ஏழெட்டு வரியில் நிற்கவில்லை. நின்று, திரும்ப ஆரம்பித்தது. திரை நிறைந்து மேலே ஏறிப் போனது. ரிங். ரிங். ரிங். சத்தமே இல்லை, டீச்சர், அதுதான் விஷயம். எழுத்துதான். வாயும் காதும் இல்லாத ஒன்று, என்னைக் கூப்பிடுகிறார்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள். ஓர் அழைப்பு வருகிறது, யாரும் எடுக்கவில்லை. என் துறையில் இதற்குப் பெயர் பழுது. பழுதைக் கண்டால் சரிசெய்வது என் தொழில். அதற்குத்தான் எனக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். சிம்மைக் கழற்றினேன். என்னிடம் இருந்த இன்னொரு செல்போனில் போட்டேன். போட்ட வேகத்தில் அது கையில் அலறியது. எடுத்தேன்.

"ஹலோ" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். குக்கர் விசில் ஒன்று பாதியில் அடங்கியது.

"ஹலோ, சொல்லுங்கம்மா."

"யாரு?"

"என் பேர் கோமதிநாயகம். யார்டில் நெட்வொர்க் என்ஜினியர்."

நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். பிறகு, "நீங்க ஏன் எடுத்தீய?" என்றார்.

நான் ஒழுங்காக முதலிலிருந்து ஆரம்பித்தேன். "அம்மா, நீங்கள் கூப்பிடுவது போன் இல்லை. இது ஒரு மோடம். இதற்குப் பேசத் தெரியாது. உங்களுக்கு வருகிற செய்தியை உங்கள் வீட்டுக்காரர் அனுப்பவில்லை. அவர் எழுதிவைத்த ஒரு புரோகிராம்..."

"மோடம்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அவிய இருக்கும்போதே தெரியும். எந்த ஊர்ல ஒரு ஆம்பள வருஷக்கணக்கா ஒரே நிமிஷத்துல சாப்பிட்டு முடிக்கான்? ஒரு நாள் காய்ச்சல்னு லீவு போட்டு வீட்ல இருக்காவ. நான் ரசத்தக் கரைச்சு ஊத்துதேன், கையில சோறு, இன்னும் வாய்க்குப் போவல. என் போன்ல வருது, 'சாப்டாச்சு'ன்னு. நான் காட்டவே இல்ல. பாவம், இதுக்குன்னு உக்காந்து எழுதியிருக்காவளேன்னு விட்டுட்டேன்."

"ஞாயிற்றுக்கிழமையைக் கழித்திருக்கிறார், லீவு நாளைக் கழிக்க மறந்துவிட்டார்" என்றேன். "இது எல்லோரும் செய்கிற பிழைதான்."

அப்புறம் என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஏன் கூப்பிட்டீர்கள்?"

"எடுக்காததுக்குத்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அதை அவர் உணர்ந்திருக்கவேண்டும். வகுப்பில் பின்னால் உட்கார்ந்த பையனுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "இருக்கும்போதும் எந்த போன எடுத்தாவ? டவர்ல ஏறி நிப்பாவ, குழிக்குள்ள எறங்கி நிப்பாவ. அடிச்சுக்கிட்டே கெடக்கும். எடுக்கலேன்னா வேலையா இருக்காவன்னு அர்த்தம். நான் பாட்டுக்கு வச்சுட்டு என் சோலியப் பாப்பேன். இத்தன நாளும் வேலையாத்தான் இருந்தாவ. இப்ப நீங்க எடுத்துட்டிய."

"மன்னிச்சுக்கோங்கம்மா. இப்போதே சிம்மைத் திரும்ப மோடத்தில் போட்டுவிடுகிறேன். நாளையிலிருந்து யாரும் எடுக்கமாட்டார்கள். நான் உத்தரவாதம் தருகிறேன்."

"நாளைக்கு எடுக்கலேன்னா, நீங்க எடுக்கலேன்னுதான இருக்கும்?"

வைத்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், டீச்சர். நான் எடுத்தது தப்பா? நிஜத்தைத்தானே சொன்னேன். மரியாதையாகத்தானே பேசினேன். ஒரு மெஷினுக்காக ஒரு மனுஷன் பதில் சொன்னால் சந்தோஷப்படவேண்டாமா? சொல்லியிருக்கலாம், "நன்றி தம்பி, இத்தனை நாளாக மழையில் நனைந்து எனக்காக அந்த ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டீர்களே" என்று. அவருக்கு அது தெரியாது, சரி. நான் சொல்ல இடம் கொடுத்தால்தானே தெரியும்.

நீங்கள் ஏன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள்? சாப்பிடுங்கள். ஆறிப்போகும்.

சிம்மை அன்றைக்கே மோடத்தில் போட்டுவிட்டேன். மறுநாள் கேபிளும் ஒட்டியாகிவிட்டது. ஒரு மணிக்கு விளக்குகள் துடித்தன, செய்தி போனது, சாப்டாச்சு. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரிங் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. மோடத்தில் கோளாறோ என்று சந்தேகம் வந்தது. ஒரு வாய்ப்பையும் விட்டுவிடக்கூடாது அல்லவா? என் போனிலிருந்து மோடத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒழுங்காக எழுதியது. ரிங். ரிங்.

பிறகு அதைத் தினமும் சோதிப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். சோதனைக்காகத்தான். சர்வர் ரூம் கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிடுவேன், காதில் வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒரு நிம்மதி இருக்கிறது அதில். உள்ளே யாரோ வேலையாக இருப்பதுபோல் தோன்றும். ஏழெட்டு முறை அடித்ததும் வைத்துவிட்டு வெளியே வருவேன். இசக்கிராஜ் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். இப்போது அவர் கயிற்றைத் தொடுவது என்னைப் பார்க்கும்போது.

இடையில் யார்டில் பழைய ஸ்விட்சுகளை எல்லாம் மாற்றிவிட்டார்கள். ஒப்பந்தம் வந்துவிட்டது. புது ஸ்விட்சுகளின் விலாசங்களைத் தோபியாஸின் புரோகிராமில் சேர்த்துவிட்டேன். அது ஒன்றுதான் நான் கைவைத்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று திரும்பத் தகவல் கேட்கிற வசதியும் உண்டு, அதையும் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இன்னொருவர் எழுதியதை அளவுக்கு மீறித் திருத்துவது நாகரிகம் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள், டீச்சர், ரிங் வந்தது.

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். செய்தி போன சூட்டோடு சூடாக வந்தது. ரிங், ரிங், ரிங். கூப்பிட்டது அதே எண். அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும் டீ சொன்னேன். எதற்கு சார் என்று கேட்டார்கள். சொல்லவில்லை.

முன்பு போல நாசூக்காக ஏழெட்டோடு நிற்பதில்லை. விடாமல் அடித்தார். சில நாள் சாயங்காலமும் அடித்தார், காலையிலும் அடித்தார். ஒரு வருஷம் அடக்கிவைத்தது, வெளியே வரவேண்டாமா? ஒன்றன்மேல் ஒன்றாகத் திரை பொங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நான் எடுக்கவே இல்லை. எத்தனை முறை அடித்தாலும் எடுக்கவில்லை. ஒரு பாடத்தை ஒரு முறைக்குமேல் எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

சொல்லப்போனால் அந்த அம்மா சொன்னதை வீட்டிலும் கடைப்பிடிக்க ஆரம்பித்தேன். வடிவு கூப்பிட்டால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். எடுக்கவில்லை என்றால் வேலையாக இருக்கிறேன் என்று அவளுக்கும் தெரிந்துவிடும், அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். நன்றாகவே பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை.

இப்போது சென்னைக்கு எதற்குப் போகிறேன் என்றால், எண்ணைப் புதுப்பிக்க. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப எழுதவேண்டும். எழுதாவிட்டால் எண் இருக்கும், செல்லாது. இந்தத் தடவை அட்டை எதுவும் தேவைப்படவில்லை, நானே படித்துக்கொண்டேன்.

திண்டுக்கல் வந்துவிட்டதா? மிச்சம் கொஞ்சம்தான்.

போன மாதம் ஒரு மணிக்கு விளக்குகள் துடித்தன, செய்தி போகவில்லை. சிம் வேலை செய்யவில்லை. சிம் யார்டு பெயரில் இருந்ததால், நான் சொல்லி இசக்கிராஜ்தான் போன் கம்பெனிக்குப் பேசினார். பேசிவிட்டு என் நாற்காலிக்கு வந்து சொன்னார். அந்தச் செய்தி போகிற எண்ணை அந்த அம்மா போன கார்த்திகையிலேயே வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். எண் கொஞ்ச நாள் சும்மா கிடந்து, ஆவணியில் எட்டயபுரத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்குப் போயிருக்கிறது. தினமும் பகலில் எவனோ சாப்பிட்டேன் என்று மகளுக்குச் செய்தி அனுப்புகிறான், எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன் என்கிறான் என்று அவளுடைய அப்பா புகார் கொடுத்திருக்கிறார். சிம்மை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணும் அதற்குள் வேறு எண் வாங்கிவிட்டாளாம். இப்போது ஒரு மணிக்கு விளக்குகள் மட்டும் துடிக்கின்றன, டீச்சர்; சாப்பிடலையா என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான்.